மழைக்காலச் சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பாளரின் குரலைத் தேடி

போன பதிவுக்குக் கீழே ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அண்ணே, சென்னையில் கிறிஸ்தவ வரலாறு சம்பந்தமான இடங்களை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? நீங்கள் போயிருக்கிறீர்களா?" போயிருக்கிறேன் தங்கச்சி. ஆனால் அந்த மாதிரி ஒரு பயணம் உங்களுக்கு வாய்க்காமல் இருக்கட்டும். 1996 நவம்பர். மெட்ராஸ் சென்னையாக மாறி, பெயர்ப்பலகைகளில் பெயின்ட் காயாத நேரம். மழை வேறு. நான் போனது வரலாறு பார்க்க இல்லை, அப்பாவின் குரலைத் தேடி. அப்பாவும் கூட வந்திருந்தார்.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பாளையங்கோட்டை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஆனால் ஊருக்கு அவர் 'மொழிபெயர்ப்பு ஐயா'. அமெரிக்காவிலிருந்து ஒரு பிரசங்கியார் வருஷா வருஷம் வந்து தமிழ்நாடு முழுக்கக் கூட்டம் நடத்துவார். பெயர் வேண்டாம், அவர் வீட்டார் இருக்கிறார்கள். அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்வார், பக்கத்தில் நிற்கும் அப்பா அதைத் தமிழில் சொல்வார். அவர் கையைத் தூக்கினால் அப்பாவும் தூக்குவார், அவர் அழுதால் அப்பாவுக்கும் தொண்டை அடைக்கும். பதினாறு வருஷம் இப்படி.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுக்கணும் என்றார்கள், எடுத்தார்கள். கழுத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை, அது வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் ஒரு சின்ன வெள்ளைத் துணி. பேச்சு சுத்தமாக இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டு ஒன்றை வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுவார்.

இதில் கொடுமை என்ன என்றால், அம்மாவுக்குக் கண் போய்விட்டது. கண்ணில் நீர் அழுத்தம், கொஞ்சம் கொஞ்சமாகப் போய் முழுசும் இருட்டு. அப்பா எழுதுவதை அம்மா பார்க்க முடியாது, அம்மா கேட்பதற்கு அப்பா பதில் சொல்ல முடியாது. நாற்பது வருஷம் வாய் ஓயாமல் சண்டை போட்டு வாழ்ந்த ரெண்டு பேர். நான் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவர்கள் மட்டும்தான். அம்மா "ஏங்க" என்று கூப்பிட்டால் அப்பா சிலேட்டைத் தட்டுவார். "தட்டுறது யாரு வேணா தட்டலாம். அவரு உள்ள இருக்காரா வெளிய இருக்காரான்னு எனக்கு எப்படிலே தெரியும்?" என்று அம்மா ஒருநாள் என்னிடம் அழுதாள். அப்புறம், "அவரு சத்தத்தை ஒரே ஒரு தடவை கேட்டுட்டாப் போதும், ராசா" என்றாள்.

வீட்டில் அப்பா குரல் உள்ள கேசட் ரெண்டு இருந்தது. ஜெபக்கூட்டத்துக்கென்று இரவல் வாங்கிப்போன மகராசர்கள் திருப்பியே தரவில்லை. பிரசங்கியாரின் ஊழியத்துக்குத் தி.நகரில் ஆபீஸ் உண்டு, கேசட் போட்டு விற்பதெல்லாம் அங்கேதான். கடிதம் போட்டோம், பதில் இல்லை. நேரே போவோம் என்று அப்பாவே சிலேட்டில் எழுதினார்.

அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு அரசு விரைவு பஸ். அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பாரிமுனை போய் இறங்கும்போது காலை ஏழரை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு மழையில் நனைவது சளி பிடிக்கிற சமாச்சாரம் இல்லை. கழுத்து ஓட்டையில் தண்ணீர் இறங்கினால் நேரே நுரையீரல்தான். ஒரு கையில் குடை, ஒரு கையில் பெட்டி என்று நான் திண்டாடியதைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்தார்.

"எங்க சார் போவணும்?"

"மயிலாப்பூர்."

"அறுவது குடு. மய பேஞ்சிகினு கீது பாரு." ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தார். "இன்னா சார், பெர்சு வாயே தொறக்கல? கோவமா?"

விஷயத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் பள்ளம் வந்த இடத்திலெல்லாம் வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைத்தார். இறங்கும்போது ஐம்பது போதும் என்றார்.

தங்கியது கோயில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். வாடகை நூற்றிருபது. சுவரில் ஓதம், மெத்தையில் ஓதம், கொடுத்த துண்டிலும் ஓதம். ஜன்னலைத் திறந்தால் குளத்தில் மழை விழுவது தெரிந்தது, அது ஒன்றுதான் கொடுத்த காசுக்கு. இட்லி சாப்பிட்டுவிட்டு லஸ் முனையில் 12பி பஸ் பிடித்துத் தி.நகர் போனோம். ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் மழையில் முக்கால் மணி நேரம்.

போகிற வழியில், தங்கை கேட்ட வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் எங்கள் புராட்டஸ்டண்ட் சபைகள் வந்த கதையைப் புத்தகங்களில் எடுத்துப் பாருங்கள். முதலில் தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கிய ஜெர்மன்காரர்கள், அச்சு இயந்திரம், பள்ளிக்கூடம். அப்புறம் வெள்ளைக்கார மிஷனரிமார், எங்கள் பக்கத்து ஊர்களையே மாற்றிப்போட்டவர்கள். அப்புறம் எழுப்புதல் கூட்டங்கள், ஆர்மோனியமும் கஞ்சிராவும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பாடிப் பிரசங்கம் செய்த நம்மூர்க்காரர்கள். கடைசியில் ஒலிபெருக்கியும் பெரிய மைதானமும் கேசட்டும் கொண்டுவந்த அமெரிக்கர்கள். எல்லாருக்கும் படம் இருக்கும், கல்லறை இருக்கும், நினைவு நாள் இருக்கும். ஆனால் அந்த வெள்ளைக்காரர்கள் வந்த புதிதில் பேசியது ஒரு ஜனத்துக்கும் நேரடியாகப் புரிந்திருக்காதே! பக்கத்தில் ஒரு தமிழ் வாய் நின்றிருக்கணுமே! அந்த வாய்களுக்கு எங்கேயாவது ஒரு படம் இருக்கிறதா பாருங்கள். நான் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

தி.நகர் ஆபீஸ் ஒரு மாடியில். கீழே பாத்திரக் கடை. மேனேஜருக்கு ஐம்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு. "ஸ்தோத்திரம் பிரதர்" என்று எழுந்தவர், அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அடையாளம் தெரிந்துவிட்டது. நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், கழுத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லணும்.

"தமிழ்க் கேசட் வேணும் சார். எந்தக் கூட்டமா இருந்தாலும் சரி" என்றேன்.

அவர் தயங்கித் தயங்கி ஒரு கேசட்டை எடுத்துப் போட்டார். பிரசங்கியார் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அடுத்து தமிழ். அப்பா தலையை நிமிர்த்தினார். நானும் ஒரு நொடி ஏமாந்தேன். வார்த்தைகள் அப்பாவுடையவை. "அன்பான ஜனமே" என்று இழுக்கிற இழுப்பு அப்பாவுடையது, வரி முடியும்போது குரலை இறக்குவதும் அப்பாதான். ஆனால் தொண்டை மட்டும் வேறு யாருடையதோ. வயசுப் பையன் தொண்டை.

"இது யாரு?" என்றேன்.

மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்பா சிறு வயதில் எங்கள் பழைய சபையில் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்றவர். இந்த ஊழியத்திலோ தண்ணீருக்குள் முழுக்க மூழ்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம். பதினாறு வருஷம் அது யாருக்கும் உறுத்தவில்லை. அப்புறம் ஊழியத்தின் நிர்வாகத்துக்குப் புதிதாக வந்த பெரியவர்கள், கீழ்ப்படியாதவர் வாயால் வசனம் போகக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அப்பாவைக் கூப்பிட்டு மூழ்கச் சொன்னார்கள். ஒருதரம் எடுத்தாச்சு, ஆண்டவருக்கு ஞாபகமறதி கிடையாது என்று அப்பா வந்துவிட்டார். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். மிச்சம் அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய கேசட் அத்தனையிலும் அப்பா குரலை எடுத்துவிட்டு, ஒரு பையனை உட்காரவைத்து, அப்பா பேசியதைக் கேட்டுக் கேட்டு அப்படியே திருப்பிப் பேசவைத்திருக்கிறார்கள்.

"அப்ப ஒரிஜினல்?"

"தமிழ் வர்ற இடத்துல எல்லாம் அதுமேலதான் பிரதர் திரும்ப ரிக்கார்டு பண்ணினோம். டேப் விலை..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டீ கிளாசைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். எங்கள் அம்மாவிடம் போய் என்ன சொல்வேன்? உன் புருஷன் பேச்சு இருக்கிறது, சத்தத்தைத்தான் அழித்துவிட்டார்கள் என்றா? அப்பா என் கையைப் பிடித்து அமுக்கினார். சிலேட்டை எடுத்து எழுதி மேனேஜர் பக்கம் திருப்பினார்: 'பையன் நன்றாகப் பேசுகிறான்.'

அந்த மனுஷன் அழுதே விட்டார். அழுதவர் சும்மா இருக்கலாம் அல்லவா? "ஐயா, இப்பவாவது முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கலாமே. நானே பெரியவங்ககிட்ட பேசுறேன்" என்றார். பாசத்தில்தான் சொன்னார். அப்பா கழுத்துத் துணியை விலக்கி ஓட்டையைக் காட்டிவிட்டு எழுதினார்: 'இப்போது முக்கினால் நேரே பரலோகம்தான்.' எழுதிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

லாட்ஜுக்குத் திரும்பினோம். ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பிவிடலாம் என்று நான் பெட்டியைக் கட்ட, அப்பா சிலேட்டில் எழுதி என் மூக்குக்கு நேரே நீட்டினார்: 'மைக் செட் ஏழுமலை. கச்சேரி ரோடு.'

பிரசங்கியார் சென்னையில், அடையாற்று மைதானத்தில் நடத்திய கூட்டங்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டியதும், ஆபீசுக்கு ரிக்கார்டு பண்ணிக் கொடுத்ததும் இந்த ஏழுமலைதானாம். கச்சேரி ரோடு பக்கம்தான், குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். மைக் செட் கடை இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை இருந்தது. "அவரா? கடையைக் காலி பண்ணி நாலு வருஷம் ஆச்சு. அடையாத்துல ஆத்தோரம் வூடு. பாலம் தாண்டி எறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வாங்க" என்றார் ஜெராக்ஸ்காரர். 5பி பிடித்தோம். நாலு கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் ரெண்டு ரூபாய்.

அடையாற்றில் இறங்கியதும் அப்பா ஒரு இடத்தில் நின்றுவிட்டார். நாலு மாடி ஃபிளாட்டுகள், பால்கனியில் காயாத துணிகள். இதுதான் கூட்டம் நடந்த மைதானமாம். மேடை இங்கே, பெண்கள் பக்கம் அங்கே என்று கையால் காட்டினார். வாட்ச்மேன் எங்களை வீடு பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு, "காலி இல்ல சார்" என்றார்.

ஏழுமலை வீடு ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசல் வரைக்கும் சேறு, ஆற்றின் நாற்றம். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஆம்பிளிஃபயர், குழாய் ஸ்பீக்கர்கள். ஏழுமலை லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். அப்பாவை உற்றுப் பார்த்தார்.

"ஐயா! மொழிபெயர்ப்பு ஐயா! இன்னாய்யா இது, இப்டி எளச்சிட்டீங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா கழுத்தைக் காட்டினார். ஏழுமலைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "பேச்சே வராதா? அந்த வாய்ஸா பூட்ச்சு?" என்று என்னைக் கேட்டார். சாமி கும்பிடுகிற ஆள், நெற்றியில் பட்டை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன், அம்மா கண் உட்பட. அவர் தலையை ஆட்டினார். "நல்ல கேசட்டு அல்லாத்தையும் ஆபீஸ்ல குட்த்துட்டேன் சார். கூட்டம் ஆரம்பிக்கச் சொல்லோ புது கேசட்டு போட்டுப் பிடிச்சுக் குடுக்கணும்னு ஆர்டரு. ஆனா அதுக்கு முன்னால சத்தம் லெவல் பாக்கறதுக்குன்னு என் சொந்தக் கேசட்டு ஒண்ணு போடுவேன். ஐயா அறிவிப்பு சொல்லுவாரு பாரு, அதுல வெச்சுதான் டெஸ்டிங் பண்ணுவேன்." எழுந்து ஒரு தகர டப்பாவைத் திறந்தார். "இத்தினி வர்சம் எந்தக் கோயில் திருவிழாவுக்குக் கொயாய் கட்னாலும் இதான் சார் டெஸ்டிங் கேசட்டு. ஐயா வாய்ஸு மாரி க்ளியரா எவன் வாய்ஸும் இல்ல. ஒருதபா ஆடி மாசம் கூழ் ஊத்தற எடத்துல போட்டுட்டேன். கொயந்த காணோம்னு நென்ச்சிகினு பொம்பளைங்க அல்லாரும் ஓடியாந்துட்டாங்க. செம ஒத!"

கேசட்டை ஒரு பழைய பிளேயரில் போட்டார். முதலில் கரகரப்பு. அப்புறம் ஜனக்கூட்டத்தின் இரைச்சல். அப்புறம் அப்பா.

"அன்பானவர்களே, கரண்ட் போயிருக்கிறது, மைக் பேட்டரியில் ஓடுகிறது, யாரும் பயப்பட வேண்டாம். பச்சைக் கவுன் போட்ட பெண் குழந்தை ஒன்று மேடையில் என்னோடு நிற்கிறது. பேர் கேட்டால் அம்மா என்கிறது. குழந்தையின் தாயார் எங்கே இருந்தாலும் வாங்க. ஓடி வராதீங்கம்மா, தரையில் கயிறு கட்டியிருக்கு, தடுக்கும். இருட்டுதான், பரவாயில்லை. என் சத்தத்தைக் கேட்டு மெதுவா வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன்."

அவ்வளவுதான். திரும்பவும் இரைச்சல், 'டக்' என்று நின்றுவிட்டது. அப்போதுதான் அவர் ஆபீஸ் கேசட்டை மாற்றியிருக்கிறார். பதினாறு வருஷத்தில் அப்பா அந்த மேடையில் பேசியதில் மிஞ்சியது இதுதான், இதில் பிரசங்கியாரின் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. நான் அப்பாவைப் பார்த்தேன். குரல் ஓடும்போது உதடு கூடவே அசைந்திருக்கிறது, முடிந்த பிறகும் மூடவில்லை. சிலேட்டில் எழுதி ஏழுமலையிடம் காட்டினார். அவருக்கு எழுத்துத் தெரியாது, நான் வாசித்தேன்: 'அந்தத் தாய் வந்தாளா?'

"வந்துச்சு ஐயா. அய்துகினே வந்துச்சு. ஐயா சொன்னத கேக்காத ஓடியாந்து கயித்துல தடுக்கி விய்ந்து, எந்திரிச்சு வந்துச்சு."

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "அசலை நீ எட்த்துகினு போ சார். டெஸ்டிங்குக்கு நான் வேற எதுனா பாத்துக்கறேன்" என்று ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். நாங்கள் கிளம்பும்போது மழை வலுத்திருந்தது. பாலம் வரைக்கும் அப்பாவின் தலைக்கு மேல் ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டே வந்தார், அவர் வீட்டு வாசலில் ஆறு ஏறிக்கொண்டிருக்கும்போது.

ஊருக்கு வந்ததும் அம்மாவை உட்காரவைத்துக் கேசட்டைப் போட்டேன். முதல் வார்த்தைக்கே அம்மாவின் கை காற்றில் துழாவியது, அப்பா போய்ப் பிடித்துக்கொண்டார். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "இன்னொருக்க போடுலே" என்றாள்.

அதற்கப்புறம் அப்பா ஒரு வேலை செய்தார், நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. டேப் ரிக்கார்டரைத் தான் உட்காரும் இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போவார். அம்மா "ஏங்க" என்றால் பட்டனை அழுத்துவார். "என் சத்தத்தைக் கேட்டு மெதுவா வாங்க" என்று கேட்கும். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். "என்னமோ பெரிய சீமைத்துரை, வாங்க போங்கன்னு மரியாதை குடுக்காரு" என்று கிண்டல் வேறு. ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் அப்படி ஓடியது. டேப் தேய்ந்து குரல் கம்மிப் போக ஆரம்பித்தது. டேப்புக்கு முன்னால் அப்பா போய்விட்டார்.

சரி, போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சாந்தோம் தேவாலயம், பரங்கிமலை தேவாலயம் இரண்டையும் ஒரு நாளில் பார்த்துவிடலாம், காலையிலேயே கிளம்புங்கள். நவம்பரில் போகாதீர்கள், போனால் நல்ல குடை வேண்டும். நான் சொன்ன வாடகையும் டிக்கெட்டும் அந்தக் காலத்துக் கணக்கு, அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். அடையாற்று மைதானத்தைத் தேடாதீர்கள், இல்லை. ஏழுமலை இருந்த ஆற்றோரக் குடிசைகளும் இல்லை, எல்லாரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். பிறகு இரண்டு தரம் போய் விசாரித்தேன், அவர் எங்கே என்று தெரியவில்லை. வீட்டில் வயசானவர்கள் இருந்தால் இன்றைக்கே அவர்களைப் பேசவைத்துப் பதிந்துவையுங்கள். நல்ல வார்த்தையாக இருக்கணும் என்றில்லை, திட்டினாலும் பரவாயில்லை.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம், வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, டேப் ரிக்கார்டரைத் துடைத்து அம்மா பக்கத்தில் வைத்தேன். ஆறுதலாக இருக்குமே என்றுதான். அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். கேசட் உள்ளே இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, போடட்டுமா என்றேன்.

"வேண்டாம் ராசா, போட்டுராத" என்றாள். "போட்டா, அவரு கூப்பிடுதாருன்னு நான் எந்திரிச்சுப் போயிருவேன்."